கேபினட்டில் வந்து உட்கார்ந்த கொண்டலாத்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆனி மாத அமாவாசை. திருத்தணிக்குப் பக்கத்தில் அம்மையார்குப்பத்தில், எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் காலை பத்து மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி அட்டைப்பெட்டிகள். கூடத்தின் மறுபாதியில் எங்களுடைய இரண்டு விசைத்தறிகளும் ஓடாமல் நின்றிருந்தன. எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெருவே அமைதியாக இருக்கும். மற்ற நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அந்த அமைதிக்காகவே காத்திருந்து, என் கம்ப்யூட்டரை என் கையாலேயே பூட்டுவதற்கு அன்றைக்கு நாள் குறித்திருந்தேன்.

நான் சேலைக்கு டிசைன் போடுகிறவள். பார்டரில் வரும் மாங்காய், மயில், கோபுரம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைதான் தறியில் எந்த நூல் மேலே ஏற வேண்டும் என்று சொல்லும். முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் போட்டேன். பிறகு கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டேன். ஆனால் என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. டவுன் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குப் போய், ஒரு கடையில் எந்த மிஷின் காலியாகிறதோ அதில் உட்கார்ந்து போட்டுவிட்டு வருவேன்.

ஒருமுறை கொண்டலாத்தி ஒன்று போட்டேன். தலையில் விசிறி மாதிரி கொண்டை வைத்துக்கொண்டு, வயலில் குத்திக் குத்திப் பூச்சி தேடுமே, அந்தப் பறவைதான். வரிசையாகப் பார்டர் முழுக்க நடந்து போவதுபோலப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அட்டை அடித்து வாங்கிவந்து, தறியில் ஏற்றி அரை மீட்டர் ஓட்டியும் பார்த்துவிட்டார். மறுநாள் திருத்தணி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அதே கொண்டலாத்தி இன்னொருவர் சேலையில் தொங்குகிறது. கொண்டையை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். பொதுக் கம்ப்யூட்டரில் போட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து எடுக்கலாம் என்பது அதுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்த அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டேன். நெய்த துண்டு என்ன ஆனது என்று நான் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்துதான் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் என்கிற கனவு பிடித்துக்கொண்டது. அப்போது பார்த்து, என் டிசைன்களைத் தெரிந்த ஒரு ஜவுளி வியாபாரி, தீபாவளிக்கு மூன்று புது பார்டர் வேண்டும், ஆடி பிறக்கும் முன் கொடுத்தால் வருடம் முழுக்க வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். கனவுக்கு ஒரு கெடுவும் வந்துவிட்டது.

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் வழக்கப்படி பாவா, திருத்தணியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன். பிராசசர் என்றால் மூளை. மதர்போர்டு என்றால் எல்லாம் வந்து உட்காரும் பலகை. அப்புறம் ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை. இவை எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் பெட்டிக்குக் கேபினட் என்று பெயர். எல்லோரும் மூளையை முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் பெட்டிக்கு வருவார்களாம். நான் நோட்டின் முதல் பக்கத்திலேயே கேபினட் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டேன்.

காரணம், வீடியோவில் அதைப் பார்த்திருந்தேன். வெள்ளை நிறம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று விசிறிகள் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் விட்டுக்கொண்டு மெல்லச் சுற்றும். பாத்திரம் தேய்க்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்த வெளிச்சம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போனபோது நோட்டையும் மஞ்சப்பையில் எடுத்துப் போனேன். தரிசனம் முடிந்து படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்து அதை மறுபடி பிரித்துப் படித்தேன். கீழே ரயில் ஒன்று சத்தமே கேட்காமல் ஊருக்குள் வந்து நின்றது. குளத்தங்கரையில் யாரோ மஞ்சள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நோட்டுப் பக்கத்தில் விபூதி சிந்தியிருந்தது. அதை ஊதிவிட மனம் வராமல், அப்படியே மூடி வைத்துக்கொண்டேன். எந்தப் பெட்டி என்று முருகனே முடிவு செய்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும்.

பாவாவுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி பிடிக்கவே இல்லை. கூடத்தில் தறி ஓடுகிற வீடு, பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், நாலு பக்கமும் இரும்பு போட்டு, முன்னால் வலை வைத்த சாதாரணப் பெட்டி போதும் என்றார். சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவுக்கு இருவரும் போனோம். கடைக்காரர் அந்த வெள்ளைப் பெட்டியைப் பிளக்கில் மாட்டி எரியவிட்டதும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர் வாங்கறியா, மீன் தொட்டி வாங்கறியா?" என்றார் பாவா.

கடைக்காரர் சிரித்துவிட்டு, முன்பக்கம் வலை இருக்கிறது, பக்கவாட்டில் கண்ணாடி இறுக மூடிவிடும், தூசி போகாது என்று என் பக்கம் பேசினார். அதற்கு மேலும் அவர் கண்ணாடியைப் பற்றி என்னவோ சொன்னார். என் காது அங்கே இருந்ததே தவிர, மனசு உள்ளே சுற்றிய விசிறியில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எதிரில் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, மிக்சியா என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். இவ்வளவு பெருசா என்று அட்டைப்பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போனார். அரக்கோணம் தாண்டியதும் கூட்டம் குறைந்து காற்று வந்தது. நானும் கண்ணயர்ந்தேன். தூக்கத்திலும் கை மட்டும் பெட்டியை விடவில்லை. விழித்தபோது மலை ஜன்னலுக்குள் வந்து நின்றிருந்தது. வாழ்க்கையில் எனக்கென்று, என் வேலைக்கென்று நானே பார்த்துப் பார்த்து வாங்கிய முதல் பொருள் அதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாள் குறிப்பதிலும் ஒரு சண்டை. அமாவாசை என்றதும் பாவா பதறினார். அவர் தெலுங்குக் குடும்பம். அவர்கள் வீட்டில் அமாவாசையன்று புதுசாக எதையும் தொடங்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பக்கமோ நிறைந்த அமாவாசை என்று புதுக் கடைகூடத் திறப்பார்கள். எனக்கு இரண்டும் பொருட்டில்லை. தறி நிற்கும், தூசி பறக்காது, தரை அதிராது. அதுதான் என் பஞ்சாங்கம். அமாவாசைக்குத் தான் வர முடியாது என்று பாவா சொல்லிவிட்டார். வேண்டாம், நானே பூட்டிக்கொள்கிறேன் என்று விறைப்பாகச் சொன்னேன்.

உண்மையிலேயே பூட்டிவிட்டேன். முதல் நாளே கூடத்தைக் கழுவிவிட்டிருந்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூளையை அதன் குழியில் வைத்தேன். ரேமை அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. மதர்போர்டைக் கையில் ஏந்திப் பார்த்தபோது அதில் நெருக்கமாக ஓடும் கோடுகள் தறியில் நீளவாக்கில் பாவு நூல் ஓடுவதுபோலவே இருந்தன. அதன் பிறகு பயம் போய்விட்டது. அமைதியான வீட்டில் ஸ்குரூ திருகும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வாசல் வேப்பமரத்தின் நிழல் தரையில் அசைந்தது. நேரம் போனதே தெரியவில்லை. தறி ஓடாத நாளில் இந்த வீட்டில் ஒரு காகம் கத்துவதுகூடக் கேட்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

எல்லாம் முடிந்தது. கண்ணாடியை மாட்டினால் போதும். அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து நிற்க வைத்திருந்தேன். அதன் பிளாஸ்டிக் தாளை உரித்து எடுத்துவிட்டு, இன்னொரு முறை துடைக்கலாம் என்று தூக்கி, மறுபடியும் தரையில் ஊன்றினேன். அதே நேரம் என் வீட்டுக்காரர் மஞ்சள் குங்குமத் தட்டோடு, பெட்டிக்குப் பொட்டு வைக்க, கூடத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

படீரென்று ஒரு சத்தம். என் கையில் கண்ணாடி இல்லை. மடியெல்லாம், தரையெல்லாம் உடைத்த கல்கண்டு கொட்டியதுபோலத் துணுக்குகள். 

நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். நீங்கள் திடுதிப்பென்று வந்ததால்தான் கை நழுவியது, நான் ஒரு காரியம் செய்தால் உங்களுக்குப் பொறுக்காது, என் பொருள் என்றால் இந்த வீட்டில் யாருக்கும் மதிப்பில்லை என்றெல்லாம். கை நழுவவே இல்லை. அது பேசும்போதே எனக்குத் தெரியும். இருந்தும் நிறுத்தவில்லை. அந்தக் கொண்டலாத்தி போன கோபத்தையும் சேர்த்து அவர் தலையில் கொட்டினேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"கால்ல குத்திக்கப் போவுது. அப்படியே உக்காரு," என்று மட்டும் சொன்னார். துடைப்பம் எடுத்துவந்து என்னைச் சுற்றிப் பெருக்கினார். என் புடவை மடிப்பில் சிக்கியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

பாவாவுக்குப் போன் போட்டேன். அமாவாசையில் யாராவது புதுசு திறப்பார்களா, அப்போதே சொன்னேனே என்றார்.  ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கடைசியில் கடைக்காரருக்குப் பேசினேன். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"மேடம், டைல்ஸ் தரையில நிக்க வெச்சீங்களா? பெட்ஷீட் போட்டுப் படுக்க வைங்கன்னு கடையிலேயே சொன்னேனே."

அந்த வகைக் கண்ணாடி நடுவில் தட்டினால்கூடத் தாங்குமாம். ஓரம் டைல்ஸில் இடித்தால் மொத்தமாக நொறுங்கிவிடுமாம். தனியாகக் கண்ணாடி மட்டும் உடனே கிடைக்காது, வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார். எங்கள் கூடத்துக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று இரண்டு வருடம் அடம்பிடித்ததும் நான்தான். காரணம் அமாவாசையும் இல்லை, அவர் கால் வைத்ததும் இல்லை. 

மறுநாள் விடிந்ததும் தறி ஓட ஆரம்பித்தது. பெட்டியின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அதைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, மேலே போர்வையும் போர்த்தி மூலையில் வைத்தேன். எங்கள் வீட்டில் இருப்பது கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்தில் தறி ஓடினால், திறந்த பெட்டிக்குள் பஞ்சு போய் அடைத்து விசிறி நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஓட வேண்டுமானால் தறி நிற்க வேண்டும். தறி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. வியாபாரி கேட்ட மூன்று பார்டருக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம், பழையபடி ஆர்.கே.பேட்டைக்கே போகிறேன் என்று சொன்னேன்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். "நீ வேல செய்யற நேரம் தறிய நிறுத்திக்கிறேன்," என்றார்.  ஒரு நாள் நிறுத்தினாலே கணக்குப் பார்க்கிறவர் அவர். முதல் நாள் அவரைப் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் எழுந்துபோய்த் தறியைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் எதைச் சொல்வது?

சாயந்தரம் பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். கூடத்து மூலையில் போர்வையை விலக்கிவிட்டு, பெட்டிக்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று, தறியில் கழித்துப் போட்டதைக் கண்ணாடி அளவுக்கு அறுத்து இணைத்தது. அதில் ஒரு துணியை மேளத்தோல் மாதிரி இறுக்கி ஆணி அடித்திருந்தார். கண்ணாடியைப் பிடித்திருந்த அதே நான்கு ஸ்குரூவால் அதைப் பெட்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போனதும்தான் துணியைப் பார்த்தேன். மெல்லிய பருத்தி. கீழ் ஓரத்தில் கொண்டலாத்திகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. என்னுடையவை. கொண்டை சரியாக, நான் போட்டபடியே இருந்தது.

அவர் எப்போதோ தூக்கி எறிந்திருப்பார் என்று நான் நினைத்த அந்த அரை மீட்டர்தான். இத்தனை நாள் தறி பக்கத்துப் பெட்டியில், ஊடை நூல் கொண்டு ஓடும் நாடாவுக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் அடியில், காகிதத்தில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தறியை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்:

"நீ போட்டதுதான். தூக்கிப்போட மனசு வரல, வெச்சிகினு இருந்தேன். இதுல காத்து போவும், பஞ்சு போவாது. நம்ம துணிதானே."

மூன்றாம் நாள் காலை, அமாவாசையும் மறுநாளும் கழித்து நல்ல நேரம் பார்த்துக்கொண்டு, பாவா வண்டியில் வந்து இறங்கினார். துணியைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வயர்களைச் சரிபார்த்துவிட்டு, நீயே போடும்மா என்று ஒதுங்கி நின்றார். தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. நான் பட்டனை அழுத்தினேன்.

விசிறிகள் சுற்றின. உள்ளே நீல வெளிச்சம் வந்தது, பிறகு ஊதா. கண்ணாடி வழியாக வந்திருந்தால் அது பளிச்சென்று கண்ணில் அடித்திருக்கும். துணிக்குப் பின்னால் அது விடியற்கால வெளிச்சம்போல மெல்லப் பரவியது. அந்த வெளிச்சத்தில் என் கொண்டலாத்திகள் கருமையாக எழுந்து நின்றன. வெளிச்சம் நிறம் மாற மாற, அவை வயலில் நடப்பதுபோல இருந்தது. வீடியோவில் பார்த்துப் பார்த்து ஏங்கிய எந்தப் பெட்டியும் இவ்வளவு அழகாக இல்லை. பாவா அரை மணி நேரம் திரையில் சூட்டு அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறவில்லை. மீன் தொட்டி நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.

மூன்று பார்டரையும் ஆடிக்கு முன்பே கொடுத்துவிட்டேன். வியாபாரியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆர்.கே.பேட்டைக்கு இப்போது சந்தைக்கு மட்டும்தான் போகிறேன்.

அடுத்த அமாவாசை வந்தது. தறி நின்றது. துணியின் மேல் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருந்தது. சட்டத்தைக் கழற்றி, இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பின்வாசலில் அலசினோம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வேப்ப மரத்தடியில் காய வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, ஒரு மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அன்றைக்கு உங்களை அநியாயமாகத் திட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று.

"ஆங், திட்டின," என்றார். "மத்த நாள்ல நீ திட்டறது தறி சத்தத்துல பாதி கேக்காது. அன்னிக்குத் தறி நின்னுகினு இருந்துச்சா, முழுசா கேட்டுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. அவரும் அந்தச் சத்தத்துக்கு நடுவே என்னிடம் எத்தனையோ சொல்லியிருப்பார், எத்தனை என் காதில் விழாமல் போனதோ என்று தோன்றியது.

எத்தனையோ அமாவாசைகள் கடந்துவிட்டன. புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அனுப்பவா என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார், வேண்டாம் என்றேன். மாதம் ஒருமுறை, தறி நின்ற அந்த அமைதியில் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, அது உலரும் வரைக்கும் நாங்கள் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்று அந்தக் கண்ணாடி மட்டும் உடையாமல் இருந்திருந்தால் இந்த மனிதரின் குரல் இவ்வளவு மெல்லியது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.